அக்வாட்டிக் வார்ப்ளருக்காகக் கோரைச் சதுப்பைப் பராமரிப்பது எப்படி: நீர், அறுப்பு, கணக்கெடுப்பு

அக்வாட்டிக் வார்ப்ளர் 13 செ.மீ. நீளமும் 12 கிராம் அளவு எடையும் கொண்ட கதிர்க்குருவி. அறிவியல் பெயர் அக்ரோசெபாலஸ் பாலுடிகோலா. ஐரோப்பாவின் பாடும் பறவைகளில் மிக அரிதானவற்றுள் இதுவும் ஒன்று. ஐயுசிஎன் (உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) செம்பட்டியலில் 'அழிவாபத்துக்கு உள்ளாகக்கூடியது' என்ற நிலையில் இருக்கிறது. உலகில் உள்ளவற்றில் பெரும்பகுதி பெலாரஸ், உக்ரைன், போலந்து ஆகிய மூன்று நாடுகளில்தான் கூடு கட்டுகிறது. லித்துவேனியாவில் சிறு எண்ணிக்கை உண்டு. ஹங்கேரியின் ஹோர்டோபாஜ் புல்வெளியிலும் ஜெர்மனியின் கீழ் ஓடர் பள்ளத்தாக்கிலும் முன்பு இருந்தது. 2010-களில் இரண்டு இடங்களிலும் கூடு கட்டுவது நின்றுபோனது. குளிர்காலத்துக்கு மேற்கு ஐரோப்பா வழியாகச் சென்று, சகாராவைத் தாண்டி, செனகல், மாலி பகுதிகளில் இறங்குகிறது.

இந்தப் பறவையைக் காப்பது என்றால் அது வாழும் சதுப்பைக் காப்பதுதான். அதிலும் தண்ணீர்தான் முதல் வேலை. அறுப்பு, புதர் வெட்டு, தீ, மேய்ச்சல் எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. வடிந்து காய்ந்த சதுப்பில் ஆண்டுதோறும் எவ்வளவு ஒழுங்காக அறுத்தாலும் பறவை வராது. நிதி ஒதுக்குபவர்களுக்கு அறுவடை இயந்திரம் கண்ணுக்குத் தெரிகிறது, வாய்க்கால் அடைப்பு தெரிவதில்லை. அதனாலேயே பல இடங்களில் வரிசை தலைகீழாகப் போகிறது.

எந்த நிலம் தகும்

திறந்தவெளியாக, மரமின்றி, நிலத்தடி நீர் ஊறி நிற்கும் பீட் மண் சதுப்புதான் இதன் வீடு. பீட் என்பது முழுதும் மட்காத தாவர எச்சம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உருவான கரிய மண். அதன் மேல் காரெக்ஸ் இனக் கோரைகள் வளர்ந்திருக்க வேண்டும். கிழக்கே காரெக்ஸ் எலாட்டா, காரெக்ஸ் லேசியோகார்ப்பா போன்றவை அதிகம். சில இடங்களில் கிளேடியம் என்னும் பெரிய கோரையும் இருக்கும். அங்கங்கே மெலிந்த நாணல் நிற்பதால் கெடுதல் இல்லை; ஆண் குருவி அதில் ஏறி உட்கார்ந்து பாடும். நாணல் தலைக்கு மேல் அடர்ந்து நின்றால் அந்த இடத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நேரில் பார்க்கும்போது மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, ஜூனில் கோரையின் உயரம்: 60 முதல் 80 செ.மீ. வரை நல்லது, ஒரு மீட்டரைத் தாண்டினால் மண்ணில் சத்து மிகுந்துவிட்டது என்று பொருள். இரண்டு, கோரைத் தூர்களின் அடியில் போன ஆண்டின் காய்ந்த தாள் சரிந்து கிடக்கிறதா என்பது. பெண் குருவி அந்தப் பழைய தாளின் கூரைக்குக் கீழேதான் கூடு கட்டுகிறது, நீர்மட்டத்துக்கு மேல் ஒரு சாண்கூட இருக்காது. மூன்று, காலடியில் தண்ணீர். மே மாதத்தில் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் தண்ணீர் மேலெழ வேண்டும், ஆனால் முழங்காலுக்கு வரக்கூடாது.

சத்து மிகவும் குறைந்த சதுப்பும் உதவாது. அங்கே கோரை குட்டையாகவும் அழகாகவும் இருக்கும், பூச்சி இருக்காது. இந்த இனத்தில் ஆண் குருவி குஞ்சுகளுக்கு ஒரு புழுகூடக் கொண்டுவருவதில்லை. கூடு கட்டுவது, அடைகாப்பது, ஊட்டுவது எல்லாமே பெண் தனியாகச் செய்கிறது. நான்கு முதல் ஆறு குஞ்சுகளை ஒரே ஒரு பறவை வளர்க்க வேண்டுமானால் சிலந்தி, கம்பளிப்புழு, பெரிய ஈ வகைகள் கைக்கெட்டும் தூரத்தில் நிறைந்திருக்க வேண்டும். கூட்டைச் சுற்றிப் பூச்சி குறைந்தாலும் பெண்ணால் தூரமாகப் போய்வர முடியாது, போனால் முட்டை குளிர்ந்துவிடும். நிலத்தைப் பார்க்கும் எவரும் பறவையைத் தேடுவதற்கு முன்னால் சிலந்தி வலைகளைத் தேடலாம். காலைப் பனியில் அவை தெளிவாகத் தெரியும்.

நீர்மட்டம்

முதலில் அளக்கும் ஏற்பாடு. 5 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாயில் கீழ்ப்பாதி முழுக்கச் சிறு துளைகள் இட்டு, வலைத்துணி சுற்றி, பீட்டுக்கு அடியில் உள்ள கனிம மண் வரை இறக்குங்கள். பீட் அளவுக்கு மட்டும் இறக்கினால் பீட் ஈரத்தில் உப்பும்போதும் காய்ந்து சுருங்கும்போதும் குழாயும் சேர்ந்து ஏறி இறங்கும். பல ஆண்டு அளவீடு பொய்யாகிவிடும். குழாயின் தலையைக் கடல்மட்ட அடிப்படையில் ஒருமுறை சரியாக அளந்து குறித்து வையுங்கள். 50 ஹெக்டேருக்கு ஒரு குழாய் என்று பரப்பைப் பங்கிடுவதைவிட, வாய்க்காலுக்குச் செங்குத்தாக 5, 20, 50, 150 மீட்டர் தூரங்களில் வரிசையாக வைப்பது அதிகம் சொல்லும். வாய்க்கால் எவ்வளவு தூரத்துக்கு நீரை இழுக்கிறது என்பது அந்த வரிசையில் தெரிந்துவிடும்.

ஆண்டு முழுவதும் குறி ஒன்றல்ல. குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் வெள்ளம் 30, 40 செ.மீ. நின்றாலும் நல்லதே, புதர் நாற்றுகளை அது அடக்கும். ஏப்ரல் கடைசியில் ஆண்கள் வந்து சேரும்போது 5 முதல் 10 செ.மீ. வரை இறங்கியிருக்க வேண்டும். மே நடுவிலிருந்து ஜூலை முடியும் வரை நிலமட்டத்துக்கும் 10 செ.மீ.க்கும் இடையே, ஏற்ற இறக்கம் இல்லாமல் நிற்க வேண்டும். ஆகஸ்டில் நிலமட்டத்துக்குக் கீழே 10, 20 செ.மீ. போனால் பாதகமில்லை, அறுப்பவர்களுக்கு அப்போதுதான் வழி கிடைக்கும்.

இந்தக் கணக்கில் மிகப் பெரிய தவறு ஜூனில் நேர்கிறது. வசந்தத்தில் மதகை மூடி நீரைத் தேக்கியவர், கனமழைக்குப் பிறகு அதைத் திறக்க மறந்துவிடுகிறார். அல்லது மேலே உள்ள கால்வாய் நிர்வாகம் மிகுந்த நீரைச் சதுப்புக்குள் தள்ளிவிடுகிறது. ஒரே இரவில் 15 செ.மீ. ஏறினால் முதல் ஈட்டுக் (முதல் முறை முட்டையிட்ட) கூடுகள் எல்லாம் மூழ்கும். பெலாரஸின் ஸ்வானெட்ஸ் சதுப்பு இந்த இனத்தின் மிகப் பெரிய இருப்பிடங்களில் ஒன்று. அதன் நீர்மட்டம் அருகிலுள்ள டினீப்பர்–பக் கால்வாயோடு பிணைந்திருப்பதால் அங்கே மதகு இயக்கம்தான் பறவையின் தலைவிதி. மதகில் உபரிநீர் தானாக வழியும் கலிங்கு கட்டாயம் வேண்டும். அதன் மேல்விளிம்பு, சதுப்பின் சராசரி நிலமட்டத்துக்கு மேல் 10 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். பலகை வைத்து உயர்த்தும் வகை என்றால், கோடைப் பலகைக்கு வேறு நிறம் பூசிவிடுங்கள். யார் பணியில் இருந்தாலும் குழப்பம் வராது.

எதிர்ப்பக்கத்து ஆபத்து வறட்சி. மே, ஜூனில் தண்ணீர் நிலத்துக்குக் கீழே போய்விட்டால் மூஞ்சூறும் நரியும் காய்ந்த தரையில் கூடு வரை நடந்து வரும். ஈரத்தில் வளரும் பூச்சிகள் குறையும். இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்தால் பீட் காற்றுப்பட்டு மட்கி, அடைபட்டிருந்த தழைச்சத்தை விடுவிக்கும். உயரப் புல்லும் நாணலும் வில்லோ புதரும் கிளம்பும். மட்கிய பீட் இறங்கவும் செய்கிறது, திரும்பவும் பழைய மட்டத்துக்கு வருவதில்லை. அதனால் 30 ஆண்டு நீரை வடித்த நிலத்தில் பழைய வரைபடத்தைப் பார்த்து மதகு உயரம் நிர்ணயித்தால் இப்போது அது குளமாகிவிடும். புதிதாக மட்டம் எடுத்த பிறகே தொடங்குங்கள்.

வாய்க்கால் அடைப்பு

பழைய வடிகால்களை அடைக்க, பக்கத்திலேயே கிடைக்கும் ஈரப் பீட் போதும், செலவும் குறைவு. ஆனால் எந்தப் பீட் என்பது முக்கியம். மேலே உள்ள, கறுத்து உதிரும் பீட் தண்ணீரைக் கசியவிடும். அதை ஒதுக்கிவிட்டு, அடியில் உள்ள நார் தெரியும் பழுப்பு நிறப் பீட்டை வெட்டி எடுங்கள். கையில் பிழிந்தால் கலங்கிய நீர் வந்து, பீட் விரலிடுக்கில் வழியாமல் நிற்க வேண்டும். வாய்க்காலின் அடியில் உள்ள சேறு, வேர், செடி எல்லாவற்றையும் முதலில் வழித்தெடுக்க வேண்டும். இதைத் தவிர்த்த அடைப்புகள் முதல் வசந்தத்திலேயே அடியில் அரித்துப்போகும்.

இரு கரைகளிலும் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை உள்ளே வெட்டி அடைப்பைப் பொருத்துங்கள். அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கையும் தோண்டும் இயந்திரத்தின் வாளியால் அழுத்தி, சுற்று நிலத்தைவிட 30 முதல் 50 செ.மீ. உயர்த்திக் கட்டுங்கள். ஓராண்டில் அது அமுங்கிச் சரியான உயரத்துக்கு வரும். எடுத்து வைத்த புல்தரையை வேரோடு மேலே பதித்தால் அரிப்பு குறையும். அடுத்தடுத்த அடைப்புகளுக்கு இடையே நீர்மட்ட வேறுபாடு 20 செ.மீ.க்குள் இருக்கட்டும், சரிவு கூடிய இடத்தில் அடைப்புகள் நெருங்கி வரும், அதைச் சிக்கனப்படுத்த வேண்டாம். வேலையை வாய்க்காலின் மேல்முனையில் தொடங்கிக் கீழே வாருங்கள். கீழிருந்து தொடங்கினால் தேங்கிய நீரில் நின்று மற்ற அடைப்புகளைக் கட்ட வேண்டியிருக்கும், பீட் பிடிக்காது. காலம் ஆகஸ்ட் பிற்பாதி முதல் அக்டோபர் வரை. பீவர் என்னும் நீர்க் கொறிவிலங்கு உள்ள ஆறுகளில் அவை கட்டும் அணைகளையும் கணக்கில் எடுங்கள். பல நேரம் நன்மைதான். கோடையில் திடீரென உயர்த்தினால் மட்டும் அணையின் ஊடே ஒரு குழாய் செருகி மட்டத்தைக் கட்டுப்படுத்தலாம்.

அறுப்பு

போலந்தின் பியெப்ஜா பள்ளத்தாக்கில் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரை உழவர்கள் கோரையை அரிவாளால் அறுத்துப் போராக அடுக்கி வைத்து, நிலம் உறைந்த பிறகு சறுக்குவண்டியில் இழுத்துச் சென்றார்கள். அந்த வேலை நின்றதும் புதர் ஏறத் தொடங்கியது. இன்று அதே வேலையைப் பனிச்சறுக்குச் சரிவுகளைச் சமன்செய்யும் அகலப் பட்டைச் சக்கர வண்டிகளை மாற்றியமைத்துச் செய்கிறார்கள். அங்கே அதற்கு ராட்ராக் என்று பெயர். தரையில் அழுத்தம் குறைவு என்பதால் சாதாரண டிராக்டர் புதையும் இடத்திலும் போகும்.

தேதி: ஆகஸ்ட் 15-க்கு முன் பறவை இருக்கும் பகுதியில் இயந்திரம் இறங்கக்கூடாது. முதல் ஈடு மே நடுவில் தொடங்கும், இரண்டாம் ஈட்டுக் குஞ்சுகள் ஜூலை முடிவிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும்தான் கூட்டை விட்டு வெளியேறுகின்றன. வெளியேறிய குஞ்சும் உடனே பறக்காது, சில நாள் தாளுக்குள் நடந்து திரியும். குளிர்ந்த வசந்தம் வந்த ஆண்டில் இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

அளவு: ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கு, அதிகம் போனால் பாதி. முழுவதையும் ஒரே ஆண்டில் வழித்தால் அடுத்த மே மாதத்தில் கூட்டின் மேல் மூடப் பழைய தாள் எங்கும் இருக்காது. ஒரு துண்டு நிலத்துக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முறை வரட்டும். அறுத்த துண்டும் அறுக்காத துண்டும் பக்கத்துப் பக்கத்தில் மாறிமாறி அமைவது நல்லது. பெண் பழைய தாளில் கூடு கட்டிக்கொண்டு, வெளிச்சம் விழுந்த புதிய தளிரில் இரை தேடும்.

அறுக்கும் உயரம் 10 முதல் 15 செ.மீ. இதற்குக் கீழே கத்தியை இறக்கினால் கோரைத் தூரின் தலையே சீவப்படும். தூர்களின் மேடும் இடையிலுள்ள பள்ளமும்தான் சதுப்பின் உயிர்ப்பன்மைக்கு அடிப்படை. பட்டைச் சக்கர வண்டிகளைப் பற்றி போலந்தில் செய்த ஆய்வுகள் இதே எச்சரிக்கையைத் தந்திருக்கின்றன: திரும்பத் திரும்ப ஓட்டினால் மேடு பள்ளம் சமமாகி, தூர்க் கோரைகள் குறைந்து, வேறு தாவரங்கள் இடம்பிடிக்கின்றன. ஆகவே ஒரே தடத்தில் இரண்டாவது முறை போகாதபடி பாதையை முன்கூட்டியே வரைந்துகொள்ளுங்கள். சதுப்புக்குள் வளைந்து திரும்பாமல் விளிம்பில் திரும்புங்கள். அறுப்பதைவிட ஏற்றிச் செல்வதுதான் நிலத்தை அதிகம் கெடுக்கிறது, சுமை ஏறிய வண்டி பலமுறை ஒரே வழியில் வருவதால். முடிந்தால் கோரையை விளிம்பில் குவித்து வைத்து, உறைந்த பிறகு எடுங்கள்.

நடுவில் தொடங்கி வெளிநோக்கி அறுப்பது ஒரு சின்ன விஷயம்போலத் தோன்றும். சுற்றிலிருந்து உள்நோக்கி வந்தால் பறவையும் தவளையும் நடுவில் சிக்கிக்கொள்ளும்.

வெட்டியதை அங்கேயே விடக்கூடாது. நசுக்கிப் பரப்பும் வகை இயந்திரம் வேண்டவே வேண்டாம். மேலே மூடிய தாள் மெத்தையாகி அடியிலுள்ள பாசியையும் சிறு கோரையையும் மூச்சுமுட்டச் செய்யும், சத்து திரும்ப மண்ணுக்கே போகும். நாம் அறுப்பதே சத்தை வெளியேற்றத்தான். வெளியே கொண்டுவந்ததை எரிபொருள் உருண்டையாக்கலாம், மாட்டுக்குப் படுக்கையாக விரிக்கலாம், எருவாக்கலாம். பியெப்ஜா பகுதியில் எரிபொருள் உருண்டை ஆலை இந்த நோக்கத்துக்காகவே அமைக்கப்பட்டது. கோரையை வாங்க ஆள் இருந்தால்தான் மானியம் நின்ற பிறகும் அறுப்பு தொடரும்.

நாணல் அடர்ந்த துண்டுக்கு விதி வேறு. நாணலைக் குளிர்காலத்தில் அறுத்தால் அது இன்னும் செழிக்கும், ஏனெனில் அப்போது சத்து முழுக்க வேர்த்தண்டில் பத்திரமாக இருக்கிறது. அதைத் தளர்த்த வேண்டுமானால் ஜூலையில், இலை முழுதாக விரிந்த நிலையில், இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து வெட்ட வேண்டும். வெட்டிய தண்டு தண்ணீருக்குள் மூழ்கினால் இன்னும் நல்லது. அந்தத் துண்டில் பறவை இல்லை என்பதை ஜூனில் உறுதிசெய்துவிட்டே இறங்குங்கள். விளிம்பிலிருந்து 50 மீட்டர் விட்டு அரை மணி நேரம் நின்று பாருங்கள். இரையைக் கவ்விய பெண் குருவி தாழப் பறந்து ஒரே இடத்தில் இறங்கினால் கூடு இருக்கிறது. அந்த இடத்தைக் கோலால் குறித்து ஆகஸ்ட் பிற்பாதி வரை தொடாதீர்கள். கூட்டைத் தேடி உள்ளே நடக்க வேண்டாம். மிதித்த தடம் நரிக்குப் பாதையாகும்.

புதர், தீ, மேய்ச்சல்

வில்லோ, பிர்ச், ஆல்டர் புதர்களை நிலம் உறைந்திருக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெட்டுங்கள். தரையோடு வெட்டினால் அடுத்த கோடையில் ஒரு குச்சிக்குப் பத்துக் குச்சி தளிர்க்கும். வெட்டியதோடு விட்டவர்கள் வெட்டாதவர்களைவிட மோசமான நிலைக்குப் போனது உண்டு. ஆகஸ்ட் பிற்பாதியில் தளிரை அறுக்கும் வேலையை மூன்று, நான்கு ஆண்டுக்குத் திட்டத்திலேயே எழுதி, அதற்கான பணத்தையும் ஒதுக்கிய பிறகுதான் முதல் கத்தியை எடுங்கள். நீர்மட்டம் உயர்ந்திருந்தால் தளிர் தானாகத் தளரும். வெட்டிய கட்டையைச் சதுப்பில் எரிக்காதீர்கள். சாம்பல் விழுந்த இடத்தில் முட்செடிதான் முளைக்கும்.

பெலாரஸிலும் உக்ரைனிலும் பழைய தாளைத் தீ வைத்து நீக்கும் வழக்கம் உண்டு. தண்ணீர் நிலத்துக்கு மேல் நிற்கும்போது அல்லது மண் உறைந்திருக்கும்போது மட்டுமே இது பாதுகாப்பு. காய்ந்த பீட்டில் பிடித்த தீ மாதக்கணக்கில் அடியில் கனன்று, தூரோடு நிலத்தையே தின்றுவிடும். ஏப்ரலில், பறவைகள் வந்துகொண்டிருக்கும்போது எரிப்பதைக் கட்டாயம் தடுக்க வேண்டும். எரித்த துண்டில் அந்த ஆண்டு கூடு கட்டத் தாள் இராது என்பதால் இதிலும் சிறு சிறு துண்டு, சில ஆண்டுக்கு ஒருமுறை என்ற விதியே.

மேய்ச்சல் சதுப்பின் விளிம்புகளுக்கு ஏற்றது. ஹெக்டேருக்கு ஒரு மாட்டுக்கும் குறைவாக, ஜூலைக்குப் பிறகு விடலாம். ஈரம் மிகுந்த நடுப்பகுதியில் குளம்பு பட்டால் தூர் உடையும்.

அடையாளம்

இதனோடு குழம்புவது செட்ஜ் வார்ப்ளர். அதே சதுப்பில், அதே உயரத்தில் இருக்கும். அக்வாட்டிக் வார்ப்ளரின் தலை உச்சியில் நடுவே வெளிறிய மஞ்சள் கோடு ஒன்று தெளிவாக ஓடும், இரு பக்கமும் கரிய பட்டை. முதுகில் இரண்டு வெளிர்மஞ்சள் கோடுகள் நீளவாக்கில் தெரியும். பிட்டத்தில் கருங்கீற்றுகள் உண்டு. செட்ஜ் வார்ப்ளருக்கு அங்கே கீற்றில்லாத செம்பழுப்பு. வால் இறகுகள் கூர்மையானவை. கால் இளஞ்சிவப்பு.

ஆகஸ்டில் இளம் செட்ஜ் வார்ப்ளர்கள் பலரை ஏமாற்றுகின்றன. அவற்றின் தலையிலும் வெளிறிய உச்சிக்கோடு இருக்கலாம், உடலும் மஞ்சள் படிந்திருக்கும். அப்போது கண்ணுக்கும் அலகுக்கும் இடைப்பட்ட பகுதியைப் பாருங்கள்: செட்ஜ் வார்ப்ளருக்கு அங்கே கருங்கோடு, அக்வாட்டிக் வார்ப்ளருக்கு வெளிறி, முகமே திறந்தது போலிருக்கும். மார்பில் புள்ளி இருந்தால் அது பெரும்பாலும் இளம் செட்ஜ் வார்ப்ளர். உச்சிக்கோட்டை மட்டும் நம்பி எழுதிய பதிவை ஏற்க வேண்டாம்.

பாட்டில் பிரிப்பது இன்னும் எளிது. செட்ஜ் வார்ப்ளர் இடைவிடாமல், அவசரமாக, பிற பறவைகளின் குரலையும் கலந்து பாடும். அக்வாட்டிக் வார்ப்ளர் ஒரு 'ட்ர்ர்ர்ர்' ஒலி, பிறகு சில விசில் ஒலிகள், பிறகு மௌனம், மறுபடி 'ட்ர்ர்ர்ர்' என்று நிதானமாகப் போகும். சில நேரம் 'ட்ர்ர்ர்ர்' மட்டும்தான் வரும்.

கணக்கெடுப்பு

எண்ணுவது பாடும் ஆண்களை மட்டும். இதில் இணை என்ற ஒன்று கிடையாது. ஒரு கூட்டின் குஞ்சுகளுக்குப் பல தந்தைகள் இருப்பது வழக்கம். ஆணுக்கு நிலையான எல்லையும் இல்லை, பல ஹெக்டேர் பரப்பில் ஒருவர் பகுதிக்குள் மற்றவர் என்று அலைகின்றன. மற்ற கதிர்க்குருவிகளுக்குச் செய்வதுபோல எல்லைகளை வரைபடத்தில் குறித்து இணைகளை எண்ணும் முறை இங்கே பொய்யான விடையே தரும். '40 ஆண்கள்' என்று எழுதுங்கள், '40 இணைகள்' என்று ஒருபோதும் எழுதாதீர்கள்.

நேரம் மாலை. சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன் தொடங்கி, மறைந்த பின் அரை மணி முதல் ஒரு மணி வரை. பகலில் ஆண்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே பாடும், காலையில் எண்ணியவர் பாதியைத் தவறவிடுவார். காற்று இலையை விடாமல் அசைத்தால், மழை தூறினால், அன்று குளிர் அதிகமாக இருந்தால் ஒத்திவையுங்கள். முதல் சுற்று மே பிற்பாதியில், இரண்டாம் சுற்று ஜூன் பிற்பாதியில். இரண்டிலும் வந்த எண்களில் பெரியதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டையும் தனித்தனியே பதிந்து வையுங்கள். ஜூனில் எண் சரிந்தால் மே மாதத்துக்குப் பின் நிலம் காய்ந்துவிட்டதா என்று குழாய் அளவைப் பாருங்கள். அல்லது ஆண்கள் ஈரமுள்ள பக்கத்துத் துண்டுக்கு மாறியிருக்கலாம்.

நிரந்தரத் தடம் போட்டு ஆண்டுதோறும் அதிலேயே நடங்கள். தடத்துக்கு இரு பக்கமும் 100 மீட்டருக்குள் கேட்பதை மட்டும் கணக்கில் சேருங்கள். சதுப்பு பெரிதானால் 200 மீட்டர் இடைவெளியில் பலர் ஒரே நேரத்தில், ஒரே திசையில் நடக்க வேண்டும். ஒவ்வோர் ஆணுக்கும் நேரம், திசை, தோராயத் தூரம் ஆகியவற்றை எழுதுங்கள். இரவு வரைபடத்தில் வைத்துப் பார்க்கும்போது இருவர் கேட்டது ஒரே பறவையா என்பது அப்போதுதான் பிரியும். நின்ற இடத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள், நின்றால் அலையும் ஆண் மறுபடி எண்ணப்படும். பதிவுசெய்த பாட்டை ஒலிக்கவிட்டு ஆணை இழுப்பது கூடு கட்டும் இடத்தில் கூடாது.

கோரை அறுத்த துண்டு, அறுக்காத துண்டு, எரித்த துண்டு எல்லாம் தடத்தில் எங்கே வருகின்றன என்று அதே வரைபடத்தில் குறித்து வைத்தால், ஐந்தாறு ஆண்டில் எந்த முறை பலன் தருகிறது என்பதை உங்கள் சதுப்பே சொல்லும்.

வழியும் குளிர்கால இடமும்

ஜூலை முடிவிலிருந்து பறவைகள் தென்கிழக்கே போகாமல் மேற்கே திரும்புகின்றன. ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் தாண்டி பிரான்ஸின் அட்லாண்டிக் கரைச் சதுப்புகளில் ஆகஸ்டில் இறங்கி, ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ வழியாகத் தெற்கே போகும். அந்த இடங்களில் இவற்றுக்கு வேண்டியது நெடிய நாணற்காடு அன்று. அதன் விளிம்பில், ஆழமில்லாத நீர் நிற்கும் குட்டைக் கோரைவெளி. ஆகஸ்டில் வற்றவிடும் வழக்கத்தை ஒரு மாதம் தள்ளிப்போட்டாலே போதும்.

குளிர்கால இடம் வெகுகாலம் அறியப்படாமலிருந்தது. ஆப்பிரிக்காவில் வளர்ந்த இறகின் ஐசோடோப்புகளை (இடத்துக்கு இடம் விகிதம் மாறும் தனிம வகைகளை) ஆராய்ந்து இடத்தைக் குறுக்கி, 2007 ஜனவரியில் செனகலின் ஜூஜ் தேசியப் பூங்காவில் கண்டார்கள். அங்கும் கதை அதுவே. 1986-இல் டியாமா அணை முடிந்த பிறகு செனகல் ஆற்று முகத்துவாரத்தில் உப்பு குறைந்து சம்பு என்னும் உயரமான நீர்ப்புல் பெருகியது. திறந்த புல்வெளியில் சம்பு ஏறினால் பறவைக்கு இடமில்லை. மாலியின் உள் நைஜர் வெள்ளப்பரப்பும் முக்கியமான இடம் என்பதை ஜியோலொகேட்டர் என்னும், ஒளியைப் பதிந்து இடத்தைக் கணிக்கும் சிறு கருவி பொருத்திய பறவைகள் காட்டின. இந்த எல்லா நாடுகளையும் இணைக்க வலசை உயிரினங்களுக்கான பான் உடன்படிக்கையின் கீழ் 2003-இல் மின்ஸ்கில் புரிந்துணர்வு ஒப்பந்தம் உருவானது.

குஞ்சுகளைக் குடியமர்த்தல்

நிலத்தை மீட்ட பிறகும் பறவை தானாக வராமல் போகலாம், அருகில் வேறு கூட்டம் இல்லாவிட்டால். அப்போதுதான் இந்த வழி. 2018-இல் ஸ்வானெட்ஸிலிருந்து 50 கூட்டுக்குஞ்சுகளை லித்துவேனியாவின் ஜுவின்டாஸுக்குக் கொண்டுபோய், கையால் ஊட்டி வளர்த்து, 49 குஞ்சுகளை விடுவித்தார்கள். அடுத்த வசந்தத்தில் அவற்றில் 11 பறவைகள் ஆப்பிரிக்கா போய்த் திரும்பி வந்தன. இயற்கையாக வளர்ந்த குஞ்சுகளோடு ஒப்பிடத்தக்க விகிதம் இது.

குஞ்சு எடுக்கும் சதுப்பில் ஆயிரக்கணக்கில் ஆண்கள் இருக்க வேண்டும். விடும் சதுப்பில் நீர்மட்டம் தொடர்ந்து சில ஆண்டுகளாவது மேலே சொன்ன வரம்பில் நின்றிருக்க வேண்டும், பூச்சி அளவும் பார்த்திருக்க வேண்டும். குஞ்சு ஒரு வாரம் வளர்ந்த பிறகே எடுக்க வேண்டும், ஏனெனில் அதற்கு முன் தன் உடற்சூட்டைத் தானே காக்க அதற்குத் தெரியாது. விடியலிலிருந்து அந்தி வரை இடைவெளி விடாமல் ஊட்ட ஆட்கள் முறை வைத்துக்கொள்ள வேண்டும். பறக்கத் தொடங்கியதும் சதுப்பின் நடுவிலேயே அமைத்த வலைக்கூண்டுக்கு மாற்றுங்கள். இரை தேடவும், தெற்கே கிளம்பும் முன் அந்த நிலத்தைத் தன் ஊராகப் பதித்துக்கொள்ளவும் அங்கேதான் கற்கும். கூண்டைத் திறந்த பிறகும் சில நாள் உள்ளே இரைத்தட்டு வையுங்கள். ஒவ்வொரு குஞ்சுக்கும் தொலைநோக்கியில் படிக்கக்கூடிய நிற வளையம் இடுங்கள். அடுத்த மே முதல் வாரத்திலிருந்தே கணக்கெடுப்புத் தடங்களோடு சேர்த்து, 20 கி.மீ. சுற்றளவிலுள்ள மற்றக் கோரைவெளிகளிலும் மாலையில் கேட்கப் போங்கள். திரும்பிய ஆண்கள் விடுவித்த இடத்திலேயே நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.